அனுப்பிவைக்க ஆளில்லாத சனிக்கிழமை

அலவாய்ப் பட்டினத்து மணிக்கூண்டு நிறுத்தத்தில் இறங்கி, எந்தப் பக்கம் கூட்டம் அதிகமாக நெரிகிறதோ அந்தப் பக்கமாக உங்களை விட்டுவிட்டால் போதும், கூட்டமே உங்களைக் கொண்டுவந்து தராசுக்காரத் தெருவில் தள்ளிவிடும். தங்கம் நிறுக்கும் தராசு, வெங்காயம் நிறுக்கும் தராசு, லாரியோடு சேர்த்து நிறுக்கும் தராசு என்று எல்லாம் விற்கிற எங்கள் தெருவில், இரண்டு இரும்புக் கடைகளுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லாமல் ஒரு நீலக் கதவு நிற்கும், அதுதான் நீங்கள் தேடி வந்த இடம். யூதக் கோயில் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். சனிக்கிழமைக் கோயில் என்று கேளுங்கள், கைவண்டிக்காரர் வண்டியைப் போட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டுவார். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: கேமராவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பார்க்க வந்த அதிசயம் இப்போது அங்கே இல்லை. இப்போது உள்ளே போனால், வெளியே என்ன கிழமையோ உள்ளேயும் அதே கிழமைதான்.

பவழமும் முத்தும் வாங்க எப்போதோ கப்பலில் வந்த யூதர்கள் கட்டிய கோயில் அது. தேக்கு பெஞ்சுகள், நடுவில் ஏறி நின்று வேதம் படிக்க ஒரு மேடை, உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் கண்ணாடி எண்ணெய் விளக்குகள், கிழக்கே பெரிய ஜன்னல். வந்தவர்களின் பேரன்களும் பேத்திகளும் ஒவ்வொரு குடும்பமாகத் தங்கள் தேசத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். கடைசியில் நிசிம் ஐயா மட்டும் மிஞ்சினார். எடையளவு அலுவலகத்தில் தராசுக்கு முத்திரை வைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எங்கள் தெரு அவருக்கு வழிவிட்டே பழகியிருந்தது. மனைவி போய் வெகு காலம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஹன்னா, கல்யாணமாகி அந்தத் தேசத்து ஹைஃபா நகரத்தில் இருந்தாள். ஐயா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கி, தானே பெருக்கி, தானே பூட்டி, வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை தன்னந்தனியாகச் சபாத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சபாத் என்றால் அவர்களுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு வேலை கூடாது. விளக்கேற்றக் கூடாது, எழுதக் கூடாது, முடிச்சுப் போடக் கூடாது, வீட்டுக்குள்ளிருந்து ஒரு பொருளைத் தெருவுக்குச் சுமந்து போகக் கூடாது, இறந்தவர் கண்ணைக் கூட மூடக் கூடாது. சனிக்கிழமை மாலையில் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு, பின்னிய மெழுகுவத்தி ஏற்றி, கிராம்பை முகர்ந்து, சுடரைத் திராட்சை ரசத்தில் அணைத்து, சபாத்தை வாசல் வரை வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும். அதற்கு முன்னால் இருட்டிவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் குணவதி இருந்தாள்.

குணவதி கோயிலின் பக்கவாசலை ஒட்டிய சின்னக் கடையில், நகைத் தராசு வைக்கும் பெட்டிகளுக்கு வெல்வெட் உறை தைப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏனென்று கேட்டால், "யாரும் கேக்கல, நானும் கேக்கல" என்று ஊசியில் நூல் கோத்தபடியே சொல்லிவிடுவாள். சபாத் அன்று கோயிலுக்கு விளக்கேற்றுகிற வேலை அவள் அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது. யூதர் அல்லாத ஒருவர் ஏற்றலாம், அதில் குற்றமில்லை. ஆனால் ஏற்று என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது, அதுதான் முறை. ஐயா கேட்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்தபடி, "இன்னைக்கு மேகமோ என்னமோ" என்பார். அவள் விளக்கை ஏற்றுவாள். "இந்த டீ ஆறித்தான் குடிக்கணும்னு விதி போல" என்பார். அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். ஏற்றியதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள், ஏனென்றால் அது அவருடைய வெளிச்சம், அதில் தனக்குப் பங்கில்லை என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மற்ற ஆறு நாளும் அவர் நேராகக் கேட்பார். "குணவதி, ஏணியைக் கொஞ்சம் பிடிங்க." "குணவதி, எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வர்றீங்களா?" ஆகவே அவரிடம் இரண்டு விதமான பேச்சு உண்டு என்றும், எந்தக் கிழமைக்கு எது என்றும் இந்த உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வினையும் அங்கேதான் வந்தது.

ஒரு புதன்கிழமை அவர் அவள் கடை முன்னால் வந்து நின்றார். சலவைச் சட்டை, வாரிய தலை.

"ஹன்னா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா" என்றார். "அவ வீட்டுல மாடியில ரெண்டு ரூம் சும்மா கிடக்காம். அங்க நல்ல குளிராம். தனியா இருக்கிறவங்களுக்கு ரொம்பவே குளிராம்."

குணவதி தையல் மெஷினை நிறுத்தவில்லை. அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததனால்தான் காது மடல் சூடாயிற்று. ஆனால் அன்று புதன்கிழமை. புதன்கிழமையில் எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? எலுமிச்சம்பழத்துக்கு நேராகக் கேட்கிற மனுஷன், இதற்கு நேராகக் கேட்கட்டுமே. வாழ்நாளெல்லாம் குறிப்பறிந்து விளக்கேற்றியவள், இந்த ஒரு விஷயத்திலாவது தன்னைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். "சரி, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை அந்தி சாய்ந்தபோது, விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் குணவதி விளக்கேற்றப் போகவில்லை. கோபம் மட்டுமல்ல. நட்சத்திரம் மூன்றும் வரட்டும், சபாத் முடியட்டும், வாய்விட்டுக் கேட்கிற உரிமை அவருக்குத் திரும்பி வரட்டும், அதற்கப்புறம் அவரே எழுந்து வந்து, ஏன் வரவில்லை என்பதில் ஆரம்பித்து மிச்சத்தையும் கேட்கட்டும் என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். நட்சத்திரம் மூன்று வந்தது, முப்பது வந்தது. அவர் வரவில்லை. டீக்கடை அபுசாலி பாய்தான் போய்ப் பார்த்துவிட்டு, "ஐயா கூப்ட்டா பேசலியே" என்று வந்து நின்றார்.

நிசிம் ஐயா கிழக்கு ஜன்னலை நோக்கிய தன் வழக்கமான பெஞ்சில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். நகராட்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே வெயிலில் பளபளத்துக்கொண்டிருக்க, ஆட்கள் அவரை எடுக்க உள்ளே போனபோது அங்கே இன்னும் சனிக்கிழமை சாயங்காலமாக இருந்தது. முகம் தெரியாத அந்திக் கருக்கல். டாக்டரம்மா மறுபடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். உடம்பில் சூடு இருந்தது. "இறந்து ஒரு மணி நேரம் கூட ஆகலை" என்றார், நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அனுப்பிவைக்க ஆளில்லாததால் சனிக்கிழமை அங்கேயே தங்கிவிட்டது. இதை விளக்கப் பேராசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். எங்களுக்கு அது அவ்வளவு பெரிய புதிராகப் படவில்லை. கடைசிப் பஸ்ஸை விட்டவர் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிடுவதில்லையா, அப்படித்தான். நால்வர் சேர்ந்து ஐயாவைத் தூக்கினார்கள். மலையைத் தூக்குகிற கனம். சபாத்தில் சுமந்து வெளியேறக் கூடாதென்பதால் அவர் வரவில்லை. தீக்குச்சி உரசினால் ஈரக் குச்சி மாதிரி இழுபட்டது. டார்ச்சு எரியவில்லை, போன் கறுத்துவிட்டது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரின் பேனா எழுதவில்லை. வெளியே வந்து எழுதலாம் என்றால், இறந்த தேதி என்று எதைப் போடுவது என்று தெரியாமல் அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவின் பெரிய தராசுக் கடைக்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சி எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பாதவர். அவர் ஒரு தராசை மெனக்கெட்டு உள்ளே கொண்டுபோகப் பார்த்தார், வாசற்படியில் அது இறுகிக்கொண்டு நின்றுவிட்டது. ஐயா முத்திரை பார்ப்பதற்காக முன்பே உள்ளே வைத்திருந்த பழைய தராசு ஒன்று கிடைத்தது. அண்ணாச்சி ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்தார், மறு தட்டில் ஒன்றுமே வைக்கவில்லை. இரண்டு தட்டும் சமமாக நின்றன. அண்ணாச்சி வெளியே வந்து அன்றைக்குப் பூராவும் தன் கடைத் தராசுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள், "அங்கன எல்லாம் ஒண்ணுதாம்ல" என்று மட்டும் சொன்னார்.

முதலில் பயந்தோம், பிறகு கும்பிட்டோம், பிறகு பழகிவிட்டோம். எங்கள் தெரு எதற்குத்தான் பழகவில்லை? தூக்கமில்லாத பஸ் கண்டக்டர்கள் மதியத்தில் வந்து சனிக்கிழமையில் சாய்ந்துகொண்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், அங்கே எதையும் தூக்க முடியாது என்பதாலேயே, முதலாளி தேடி வர முடியாத இடமாக அதை வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த பெண்கள் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சத்தம் போட்டு அழ நினைத்தாலும் அங்கே அழுகை மெல்லவே வந்தது. போவதற்கு முன் பையையும் குடையையும் சட்டைப் பையில் இருப்பதையும் அபுசாலி பாய் கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் கைக்குட்டை கூடக் கனக்கும். "எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று வீட்டில் கேட்டால், "சனிக்கிழமைல கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தேன்" என்று சொல்வது எங்கள் தெருவில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. மூலையில் ஒருவர் இறந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக முதலில் காலணியைக் கழற்றினோம், குசுகுசுவென்று பேசினோம். நாளாக ஆக, தூங்குகிற பெரியவரைக் கடந்து போவது போல அவரைக் கடந்து போனோம்.

ஆனாலும் ஒன்று உண்டு. அங்கே யாரும் யாரோடும் சேர்ந்து உட்காரவில்லை. சேர்ந்து போனவர்கள் கூட உள்ளே போனதும் பிரிந்துபோனார்கள். அந்தக் கருக்கலில் யாருக்கும் யார் முகமும் தெரியாது, வர வேண்டியவர் யாரோ இன்னும் வரவில்லை என்பது மட்டும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கணவனும் மனைவியுமாகப் போனவர்கள் கூட, வெளியே வந்த பிறகு கொஞ்ச தூரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊரில் இதற்கு முன் அப்படி யாரும் தெருவில் கைபிடித்து நடந்ததில்லை.

குணவதி மட்டும் தினமும் போனாள். மெஷினை மூடிவிட்டு, பக்கவாசல் வழியாக நுழைந்து, அந்த வாசலருகே கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் ஐயா ஒரு கறுத்த உருவம், அவ்வளவுதான். தொட்டதில்லை, அருகில் போனதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி நட்சத்திரத்துக்குக் காத்திருந்தே செத்துப்போனார் என்று தெருவெல்லாம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். தன் மேல் கோபத்தோடு போனாரா, புதன்கிழமை கேட்க வந்ததை உண்மையிலேயே கேட்க வந்தாரா, அல்லது வெறும் குளிரைப் பற்றித்தான் பேசினாரா என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் தெரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளவும் அவளுக்குப் பயம். சனிக்கிழமை முடியாத வரையில், அவர் இன்னும் கேட்கக்கூடிய மனுஷராகவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஹன்னா அப்பா இறந்த வாரமே ஓடி வந்தாள். அடக்கம் செய்ய முடியாமல் திரும்பிப் போனாள். பிறகு வருஷா வருஷம் வந்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவர்கள் வழக்கத்தில், புதைத்த பிறகுதான் துக்கமே தொடங்கும். அதற்கு முன் இருக்கிற நேரம் ஒரு திரிசங்கு நேரம். பிள்ளைகளுக்கு இறைச்சி இல்லை, திராட்சை ரசம் இல்லை, பிரார்த்தனை கூட இல்லை. மற்றவர்களுக்கு ஒரு நாளோடு போகிற அந்த நேரத்துக்குள் ஹன்னா வருஷக் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அழுகை வர மாட்டேங்குது பாய்" என்று ஒருமுறை அபுசாலி பாயிடம் சொன்னாள். "அப்பா செத்துட்டாருன்னு தெரியுது. ஆனா செத்து ஒரு மணி நேரம்தான் ஆச்சு. எப்பப் பார்த்தாலும் ஒரு மணி நேரம்தான்."

கடைசியாக வந்தபோது அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "எல்லாரும் குச்சி உரசிப் பார்த்தீங்க, சரி. குணாக்கா உரசிப் பார்த்தாங்களா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள்தான் பொழுதன்னைக்கும் அங்கேயே கிடக்கிறாளே, பார்த்திருக்க மாட்டாளா என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு, யாருமே அவளைக் கேட்கவில்லை. சபாத்துக்குள் தீ மூட்ட எப்போதும் இடம் இருந்தது அவள் ஒருத்தியின் கைக்குத்தானே.

ஹன்னா கடைக்கே போய்க் குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரே ஒரு தடவை. எனக்காக. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அப்பாவை அனுப்பிடலாம்க்கா."

குணவதி எழுந்து போனாள். பக்கவாசல் மாடத்தில் அவள் வைத்த இடத்திலேயே தீப்பெட்டி இருந்தது. தெருவே வாசலில் திரண்டு நிற்க, உரசினாள். குச்சி இழுபட்டு உதிர்ந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. குணவதிக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. உடனே ஹன்னாவின் தோள்பட்டை எலும்பைப் பார்த்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஹன்னா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கேட்டுட்டேனே! வாய்விட்டுக் கேட்டுட்டேனே! சின்னப் புள்ளையில இருந்து பார்த்திருக்கேன், அப்பா ஒரு நாளும் கேட்டதில்ல."

அவ்வளவுதான், மறுநாளிலிருந்து எங்கள் தெரு குறிப்பு காட்டத் தொடங்கியது. எங்களைப் பற்றிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணாச்சி காலையிலேயே குணவதியின் கடை முன்னால் வந்து நின்று, "என்னமோ கண்ணுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு, கேட்டியளா" என்றார், உச்சி வெயிலில். கண்டக்டர் ஒருவர், "இருட்டுல இருந்தா ரத்தம் சுண்டிப்போகுமாம்" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். வெல்வெட் வாங்க வந்த பெண் விளக்குத் திரியின் விலையேற்றத்தைப் பற்றி வெகு நேரம் பேசினாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் குணவதி எழுந்து போய் உரசிப் பார்த்தாள். ஒன்றும் பற்றவில்லை. மூன்றாம் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சாடை பேசினால் அது சாடையா, கட்டளைதானே.

ஹன்னா ஹைஃபாவில் உள்ள வேதம் கற்ற பெரியவர் ஒருவரைப் போனில் பிடித்து நெடுநேரம் பேசினாள். பேசிவிட்டு வந்து, குணவதி காதில் படாமல் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். "குணாக்கா எங்களுக்காக ஏத்தக் கூடாதாம். அப்பாவுக்காகவும் கூடாது. அவங்களுக்கே வெளிச்சம் வேணும்னு அவங்க ஏத்தணும். தனக்காக ஒருத்தர் ஏத்தின விளக்குல நாங்களும் உக்காந்துக்கலாம், அது தப்பில்ல. ஆனா இதைப் போய் அவங்ககிட்ட யாராச்சும் சொன்னீங்க, அதுவும் கேட்டதாத்தான் ஆயிடும்."

"அப்ப என்னம்மா செய்ய?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் செய்யக் கூடாது. பேசாம இருக்கணும்."

எங்கள் தெருவைப் பேசாமல் இருக்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று ஹன்னாவுக்குத் தெரியும். ஆனால் இருந்தோம். விளக்கு, இருட்டு, தீப்பெட்டி என்ற சொற்களையே நாக்கிலிருந்து துடைத்தெறிந்தோம். அண்ணாச்சி குணவதியைக் கண்டால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். வாயைத் திறந்தால் உளறிவிடுவோம் என்ற பயத்தில் சௌக்கியமா என்று கூடக் கேட்காமல் விட்டோம். குணவதிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தன்னால் ஒரு தீக்குச்சி பற்றவைக்க முடியவில்லை என்று தெருவே தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். குறிப்பு காட்டக் கூட ஆளில்லாத தனிமை அவளுக்குப் புதிது. அந்த நாட்களில் அவள் தைத்த உறைகளெல்லாம் கோணலாக இருந்தன என்பதைக் கூட நாங்கள் சொல்லாமல் வாங்கிக்கொண்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மெஷினைப் பாதியில் விட்டுவிட்டு அவள் பக்கவாசல் வழியாக உள்ளே போனாள். ஹன்னா ஒரு பெஞ்சில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. குணவதி முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கறுத்த உருவத்தைப் பார்த்தாள். அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. சபாத்தில் ஏற்றியதும் திரும்பிவிடுவாள். மற்ற நாளில் அவர் பேசும்போது அவள் கண் ஊசியில் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அவரை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புருவம் எப்படி இருக்கும்? சிரித்தால் எந்தக் கன்னம் குழியும்? தெரியவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஹன்னாவுக்குத் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியும், டீக்கடை பாய்க்குத் தெரியும், நான் மட்டும் பார்க்கவில்லை.

"நான் பார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "எனக்குப் பார்க்கணும்."

மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினாள். அது முடியாது என்பதே அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. குச்சி பற்றிக்கொண்டது. கைக்கெட்டிய கண்ணாடி விளக்கின் திரியில் வைத்தாள். விளக்கு பிடித்ததும், முதல் தடவையாக அவள் திரும்பிப் போகாமல், அவரை நோக்கி நடந்தாள்.

உடம்புதான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. முகம் ஜன்னலைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி, திறந்த கண்ணோடு, அவர் பக்கவாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திரம் எந்தத் திசையில் வரும் என்று எழுபது வருஷமாகத் தெரிந்த மனுஷன், அன்றைக்கு அந்தத் திசையைப் பார்க்கவே இல்லை. உதடு எதையோ சொல்லத் தொடங்கினாற்போல் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் தன் ஆளைத் தேடுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இத்தனை காலமும் அவர் பார்வை விழுந்த இடத்திலேயே, அந்த முக்காலியிலேயே, அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

குணவதி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வேண்டுமட்டும் பார்த்தாள். புருவம் அடர்த்தியாக, நுனியில் மேல்நோக்கி இருந்தது. இடது கன்னத்தில் ஓர் அம்மைத் தழும்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்து, "வர்றேன்" என்றாள்.

கிழக்கு ஜன்னலில் ஒரு நட்சத்திரம் வந்தது, இன்னொன்று வந்தது, மூன்றாவதும் வந்தது. ஹன்னா வெளிச்சத்தில் விழித்து, அப்பாவையும் விளக்கையும் குணவதியையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல், அப்பா அன்றைக்கே எடுத்து வைத்திருந்த பின்னிய மெழுகுவத்தியை விளக்கில் பற்றவைத்து, கிராம்பை முகர்ந்து, அப்பா சொல்லித் தந்த வழியனுப்பு வார்த்தைகளைச் சொல்லி, சுடரைத் திராட்சை ரசத்தில் அமிழ்த்தினாள். சனிக்கிழமை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்து வெயிலும் ஹாரன் சத்தமும் வெங்காய வாடையும் ஜன்னல் வழியாகக் கொட்டின. ஹன்னா அப்பாவின் கண்களை மூடினாள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகை மணிக்கூண்டு வரைக்கும் கேட்டது. நாங்கள் கடைகளைச் சாத்திவிட்டு ஓடி வந்தோம்.

ஐயாவை நால்வர் தூக்கினார்கள்; ஒல்லியான ஒரு கிழவரின் கனம்தான் இருந்தது. பக்கத்து நகரத்திலிருந்து அவர்கள் முறைப்படி அடக்கம் செய்ய ஒரு பெரியவரும் வேறு சிலரும் வந்தார்கள். கடற்கரையோரம் முள்வேலி போட்ட அவர்களுடைய பழைய இடுகாட்டில், குழிக்கு முன்னால் நின்று, நெருங்கிய உறவுகள் தங்கள் உடுப்பின் கழுத்துப் பக்கத்தைக் கிழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பெற்ற பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாய் தகப்பன், கணவன் மனைவி, இவர்களுக்கு மட்டும்தான் அது கடமை. பெரியவர் ஒரு சின்னக் கத்தியால் தொடக்கம் செய்து கொடுக்க, ஹன்னா தன் சட்டைக் கழுத்தை இழுத்துக் கிழித்துக்கொண்டாள்.

தெருவாசிகளோடு பின்னால் நின்ற குணவதி முன்னால் வந்தாள். இடுப்பில் செருகியிருந்த தையல் கத்தரியை எடுத்து, தான் தைத்த தன் ரவிக்கையின் கழுத்துத் தையலில் வைத்து வெட்டி, மிச்சத்தைக் கையால் நெஞ்சு வரை கிழித்துச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பெரியவர் திடுக்கிட்டு ஹன்னாவைப் பார்த்தார். பிறகு குணவதியிடம், "அம்மா, நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அவரு என்னைக் கேட்டாரு" என்றாள் குணவதி. "நான் சரின்னுட்டேன்."